லேப்டாப்புக்குள் ஒரு கணக்கப்பிள்ளை: டிபிஎம் சிப்பின் 'கமாண்ட் ஆடிட்' என்ன செய்யும்?

2014-ம் ஆண்டு ஜூலை 2-ம் தேதி. கூகுளின் பாதுகாப்புப் பிரிவு ஒரு விநோதத்தைக் கவனித்தது. கூகுளுக்குச் சொந்தமான சில இணைய முகவரிகளுக்கு, கூகுள் கேட்காமலே டிஜிட்டல் சான்றிதழ்கள் கொடுக்கப்பட்டிருந்தன. யார் கொடுத்தது என்று பார்த்தால், நம்ம ஊர் அரசு அமைப்பு: தேசியத் தகவலியல் மையம், அதாவது என்.ஐ.சி.

ப்ரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு பூட்டு தெரியுமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சான்றிதழ்தான். 'இது நிஜமான கூகுள்தான்' என்று நம்பகமான ஒரு அமைப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அந்தக் கையெழுத்து தப்பான கைக்குப் போனால், நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் 'நான்தான் கூகுள்' என்று நடிக்கலாம். நீங்கள் போடும் பாஸ்வேர்டு அவருக்குப் போகும். பூட்டு பூட்டாகவே தெரியும்.

என்.ஐ.சி.க்கு மேலே இருப்பது சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், சுருக்கமாக சிசிஏ. அவர்கள் வேகமாகத்தான் செயல்பட்டார்கள். ஜூலை 3-ம் தேதியே என்.ஐ.சி. வைத்திருந்த இடைநிலைச் சான்றிதழ்கள் ரத்தாகின. ஜூலை 8-ம் தேதி விசாரணை முடிவையும் கூகுளிடம் சொன்னார்கள்: தப்பாக வழங்கப்பட்டவை மொத்தம் 4. அதில் 3 கூகுளுக்கு, 1 யாகூவுக்கு.

இங்கேதான் இடித்தது. அந்த நான்கில் இல்லாத வேறு போலிச் சான்றிதழ்களும் தங்களுக்குத் தெரியும் என்றது கூகுள். பாதிப்பு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதே தெரியாத நிலை என்ற முடிவுக்கு வந்தது. அதன் பிறகு, இந்திய அரசின் மூலச் சான்றிதழை குரோம் ப்ரவுசர் கவ் டாட் இன், நிக் டாட் இன், ஏசி டாட் இன் மாதிரியான 7 முகவரிகளுக்கு மட்டும் ஏற்கும் என்று அறிவித்தார்கள். ஒரு நாட்டின் டிஜிட்டல் கையெழுத்துக்கு இப்படி வேலி போட்டது சாதாரண விஷயம் இல்லை.

தப்பு நடப்பது ஒரு பிரச்னை. "எத்தனை தடவை நடந்தது?" என்ற கேள்விக்கு, அடுத்தவர் நம்பும்படி ஒரு எண்ணைச் சொல்ல முடியாதது தனிப் பிரச்னை. ரகசியச் சாவி வைத்திருக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது வரலாம்: பேமென்ட் ஆப் நடத்தும் ஸ்டார்ட்அப், சாப்ட்வேர் அப்டேட்டில் கையெழுத்துப் போடும் கம்பெனி, ஏன், உங்கள் ஆபீஸ் சர்வர்கூட.

லாக் இருக்கிறதே, போதாதா?

"எல்லாம் லாக்ல பதிவாகும்ங்க" என்று ஐ.டி. நண்பர்கள் சொல்வார்கள். பதிவாகும். ஆனால் எங்கே?

இதற்குப் பாடமாகச் சொல்லப்படும் சம்பவம் 2011-ல் நெதர்லாந்தில் நடந்தது. டிஜிநோட்டார் என்ற சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஹேக்கர் புகுந்தார். கூகுள் டாட் காம் உட்படப் பல முகவரிகளுக்குப் போலிச் சான்றிதழ் தயாரானது. இரானில் உள்ள ஜிமெயில் பயனாளர்கள் உளவு பார்க்கப்பட்டார்கள். பின்னர் ஃபாக்ஸ்-ஐடி என்ற நிறுவனம் ஆராய்ந்ததில் 531 போலிச் சான்றிதழ்கள் கணக்குக்கு வந்தன. ஆனால் லாக்குகள் இருந்தது ஹேக்கர் புகுந்த அதே சர்வர்களில். அவற்றில் கைவைக்கப்பட்ட தடயமும் கிடைத்தது. எந்தச் சான்றிதழோடும் பொருந்தாத வரிசை எண்கள் வேறு மிச்சமிருந்தன. 531-தான் மொத்தம் என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. அதே செப்டம்பரில் நிறுவனம் திவாலானது.

இத்தனைக்கும் கையெழுத்துச் சாவிகள் தனி வன்பொருள் பெட்டிக்குள்தான் பத்திரமாக இருந்தன. சாவியை யாரும் திருடவில்லை. சாவியை உள்ளேயே வைத்துக்கொண்டு, 'இதில் போடு, அதில் போடு' என்று கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டார்கள். பெட்டியும் கேட்டபோதெல்லாம் போட்டுக் கொடுத்தது.

ரங்கூன் ஏஜென்ட், காரைக்குடி முதலாளி

கணினி உலகத்துக்கு இது பெரிய தலைவலி. செட்டிநாட்டுக்குப் பழைய கதை. நகரத்தார் லேவாதேவித் தொழில் பர்மா, மலேயா, இலங்கை என்று பரவிய காலத்தில், முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். பணம் புழங்குவது கடல் தாண்டி. அங்கே கடையை நடத்துபவர் ஒரு ஏஜென்ட். வழக்கமாக மூன்று வருஷக் கெடு. அவர் திரும்பினால் அடுத்தவர் போய்ப் பொறுப்பேற்பார். பெட்டியும் அவரிடம், பேனாவும் அவரிடம், பேரேடும் அவரிடம். அவர் எழுதுவதை மட்டும் வைத்து அவரையே எப்படிச் சரிபார்ப்பது?

அவர்கள் கண்ட வழி, கணக்கு ஒரே இடத்தில் இருக்கக் கூடாது என்பது. அங்கே எழுதும் கணக்கின் விவரம் கப்பலேறி இங்கேயும் வந்துகொண்டே இருக்கும். தினக் குறிப்பு, பேரேடு, ஐந்தொகை என்று ஒன்றுக்கொன்று பிணைந்த ஏடுகள். ஒரு பக்கத்தின் அடியில் வரும் தொகை அடுத்த பக்கத்தின் தலையில் 'முன்பக்கத் தொகை' என்று ஏறும். பத்தாம் பக்கத்தில் ஒரு ரூபாயை மாற்றினால், பதினொன்றிலிருந்து கடைசிப் பக்கம் வரை அத்தனையும் உதைக்கும். புதிதாகப் பொறுப்பேற்பவருக்கும் அதைப் பார்த்துப் பார்த்துதான் கடை கைமாறும்.

(காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இப்போது எனாமல் பாத்திரங்களுக்கு நடுவே பழைய மரப்பெட்டிகளைப் பார்க்கலாம். இன்ஸ்டாவுக்கு அழகான பின்னணி. அதில் சில ஒரு காலத்தில் யாரோ கணக்குச் சொல்ல வேண்டிய பெட்டிகள்.)

இந்த 'முன்பக்கத் தொகை'யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிப் செய்வதும் கிட்டத்தட்ட அதுவே.

டிபிஎம் யார்?

2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது "உங்க கம்ப்யூட்டர்ல டிபிஎம் 2.0 இல்லை" என்று ஒரு செய்தி பலரைக் கடுப்பேற்றியது ஞாபகம் இருக்கலாம். அந்த டிபிஎம்தான் இது. மதர்போர்டில் ஒட்டிய தனிச் சிப்பாக இருக்கும். அல்லது இன்டெல், ஏஎம்டி புராசஸருக்குள்ளேயே குடியிருக்கும். ரகசியச் சாவிகளை உருவாக்கும், வெளியே விடாமல் பாதுகாக்கும், கேட்டால் அந்தச் சாவியால் கையெழுத்துப் போடும். ஹார்டு டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் சாவிக்கும் பெரும்பாலும் இதுதான் காவல். டிரஸ்டட் கம்ப்யூட்டிங் குரூப் என்ற கூட்டமைப்பு வகுத்த இந்தத் தரம், 2015-ல் ஐஎஸ்ஓ 11889 என்ற சர்வதேசத் தரமாகவும் ஆனது.

இதற்குள் அதிகம் பேர் தொடாத ஒரு வசதி இருக்கிறது. கமாண்ட் ஆடிட்: கட்டளைத் தணிக்கை. நீங்கள் குறித்துக் கொடுக்கும் கட்டளைகள் எப்போதெல்லாம் வெற்றிகரமாக நிறைவேறுகின்றனவோ, அப்போதெல்லாம் சிப் தனக்குள் ஒரு முத்திரையைப் புதுப்பித்துக்கொள்ளும்.

எப்படி? 'ஹாஷ்' என்ற கணக்கு முறையால். எவ்வளவு பெரிய தகவலைக் கொடுத்தாலும் அதை ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்கித் தரும் முறை இது. உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் வெளியே வரும் எண் அடையாளமே தெரியாமல் மாறிவிடும். சிப் என்ன செய்கிறது என்றால், பழைய முத்திரை, இப்போது வந்த கட்டளையின் ஹாஷ், அதற்குத் தான் கொடுத்த பதிலின் ஹாஷ் மூன்றையும் ஒட்டவைத்து மறுபடி ஒரு ஹாஷ் போடுகிறது. அதுதான் புதிய முத்திரை. அடுத்த கட்டளை வந்தால் இதன் மேல் இன்னொன்று. முன்பக்கத் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

ஒரு முக்கியமான விஷயம். சிப்புக்குள் பேரேடு கிடையாது. ஆயிரம் கட்டளை போனாலும் அதனிடம் இருப்பது ஒரே ஒரு எண். எந்தக் கட்டளை, என்ன விவரம், என்ன பதில் என்ற வரிவரியான கணக்கை வெளியே உள்ள சாப்ட்வேர்தான் எழுதி வைக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கை முதல் வரியிலிருந்து ஓட்டிப் பார்த்தால் கடைசியில் வரும் எண்ணும் சிப் சொல்லும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹேக்கர் சர்வரைப் பிடித்து, சிப்பிடம் பத்துக் கையெழுத்து வாங்கி, லாக்கில் அந்தப் பத்து வரியை அழித்துவிட்டாரா? எண் உதைக்கும். சர்வரில் எந்த அதிகாரம் இருந்தாலும், சிப்புக்குள் ஏறிய முத்திரையை தான் விரும்பிய பழைய எண்ணுக்குத் திருப்ப அவரால் முடியாது.

செட் பண்ணுவது எப்படி?

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே சொந்த லேப்டாப்பில் இறங்க வேண்டாம். வீட்டு லேப்டாப்புக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. ஆபீஸில் கையெழுத்துச் சாவி வைத்திருக்கும் லினக்ஸ் சர்வர் இருந்தால், ஒரு டெஸ்ட் மெஷினில் தொடங்கலாம். டிபிஎம்2-டூல்ஸ் என்ற இலவசத் தொகுப்பில் இதற்கான கட்டளைகள் இருக்கின்றன.

முதலில், உங்கள் சிப் எந்தெந்தக் கட்டளைகளை ஏற்கிறது என்று அதனிடமே பட்டியல் கேளுங்கள். தணிக்கைப் பட்டியலை மாற்றும் கட்டளை, தணிக்கை முத்திரையை வாங்கும் கட்டளை, இரண்டும் அதில் இருந்தால்தான் மேலே போக முடியும்.

அடுத்தது பாஸ்வேர்டு. தணிக்கைப் பட்டியலை மாற்ற 'ஓனர்' அல்லது 'பிளாட்பார்ம்' அதிகாரம் வேண்டும். நிறைய லினக்ஸ் மெஷின்களில் ஓனர் பாஸ்வேர்டு காலியாகவே கிடக்கும். அதை வைக்காமல் தணிக்கையை ஆன் செய்வது, கதவைத் திறந்து போட்டுவிட்டு கேமரா மாட்டுகிற மாதிரி. நல்லவேளை, தரத்தை எழுதியவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள்: பட்டியலை மாற்றும் கட்டளை எப்போதுமே தணிக்கைக்கு உட்பட்டது, அதை யாராலும் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. கணக்கு எழுதுவதை நிறுத்தச் சொன்னால், 'நிறுத்தச் சொன்னார்கள்' என்பதும் கணக்கில் ஏறும்.

பிறகு ஹாஷ் முறையைத் தேர்ந்தெடுப்பது. இப்போதைக்கு ஷா-256 போதும். இதையும் கட்டளைப் பட்டியலையும் ஒரே தடவையில் மாற்ற சிப் விடாது. முதலில் முறை, பிறகு தனியாகப் பட்டியல். முறையை மாற்றினால் பழைய முத்திரை காலியாகும், அதனால் இதைத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

எந்தக் கட்டளைகளைக் குறிப்பது? இங்கேதான் நிதானம் வேண்டும். எல்லாவற்றையும் குறித்தால் சர்வர் கேட்கும் ஒவ்வொரு ரேண்டம் எண்ணும் கணக்கில் ஏறி, லாக் குப்பையாகும். கையெழுத்துப் போடும் கட்டளை, பூட்டிவைத்த ரகசியத்தைத் திறக்கும் கட்டளை, வெளியிலிருந்து சாவியை உள்ளே கொண்டுவரும் கட்டளை, பாஸ்வேர்டு மாற்றும் கட்டளை, சிப்பையே துடைக்கும் கட்டளை. பெரும்பாலான இடங்களுக்கு இவ்வளவு போதும். ஷட்டவுன் கட்டளையை மட்டும் தணிக்கையில் சேர்க்க முடியாது.

கடைசியாக, முத்திரையை வாங்குவது. சிப் அந்த எண்ணைச் சும்மா சொல்லாது, ஒரு சாவியால் கையெழுத்திட்டுத் தரும். இதற்கு 'எண்டார்ஸ்மென்ட்' என்ற வேறொரு அதிகாரம் வேண்டும். ஓனர் பாஸ்வேர்டும் அதுவும் வேறு வேறு ஆட்களிடம் இருந்தால் நல்லது. கையெழுத்துக்கு, சிப் தானே தயாரித்த அறிக்கைகளுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்ட சாவியைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் வெளியே தயாரித்த போலி அறிக்கைக்கும் அதே சாவியில் கையெழுத்து வாங்கிவிடலாம். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஒரு புது எண்ணைக் கொடுத்து, அதையும் சேர்த்துக் கையெழுத்திடச் சொல்ல வேண்டும். அப்போதுதான் யாரும் போன மாசத்து அறிக்கையை இந்த மாசத்துக்குக் காட்ட முடியாது. கையெழுத்தாகி வெளியே வந்ததும் உள்ளே முத்திரை காலியாகி, புதுப் பக்கம் தொடங்கும்.

ரீஸ்டார்ட் ஆனால்?

மெஷினை முழுமையாக அணைத்துப் போட்டால், அதுவரை வாங்காத முத்திரை போய்விடும். ஹேக்கருக்குக் கொண்டாட்டமா? முழுசா இல்லை. சிப்புக்குள் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. காலி முத்திரையில் முதல் கட்டளை ஏறும்போதெல்லாம், அதாவது ஒவ்வொரு புதுப் பக்கத்துக்கும் அது ஒன்று கூடும். மின்சாரம் போனாலும் அது அழியாது. ஒவ்வொரு அறிக்கையிலும் வரும். 41-க்குப் பிறகு நீங்கள் வாங்கிய அறிக்கையில் 43 என்று இருந்தால், 42-ம் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சிப் சொல்லாது. கிழிந்தது என்பதை மறைக்கவும் விடாது.

அதனால் நடைமுறையில் இரண்டு வேலை. மெஷினை அணைக்கும் முன் முத்திரையை வாங்கிவிட வேண்டும். வரிவரியான லாக்கை அந்த மெஷினிலேயே வைக்காமல், உடனுக்குடன் வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும், ரங்கூன் கணக்கு காரைக்குடிக்கு வந்த மாதிரி. சரிபார்க்கும் வேலையும் அந்த வேறு இடத்தில், வேறு ஆளால் நடக்க வேண்டும்.

இதன் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். தணிக்கை எதையும் தடுக்காது. தோற்றுப்போன முயற்சிகள் முத்திரையில் ஏறாது, தவறான பாஸ்வேர்டை ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தது இதில் தெரியாது. அந்த வழியாகக் கட்டளை கொடுத்தது எந்த ஆள் என்பதும் சிப்புக்குத் தெரியாது.

'ஏடு நிரம்பினால் கடை மூடும்'

டிபிஎம் மட்டும்தான் என்றில்லை. சான்றிதழ் நிறுவனங்களும் வங்கிகளும் பயன்படுத்துவது எச்எஸ்எம் என்ற இன்னும் பெரிய ரகம். அதிலேயே நகம் அளவுக்கு ஒன்று இருக்கிறது: யூபிகோ நிறுவனத்தின் யூபிஎச்எஸ்எம் 2. யூஎஸ்பியில் சொருகினால் வெளியே தெரிவதே கொஞ்சம்தான். இது தணிக்கையை வேறு மாதிரி செய்கிறது. முத்திரையோடு, உள்ளேயே ஒரு குட்டி ஏடும் வைத்திருக்கிறது. மொத்தம் 62 வரி.

ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்று நிலை: ஆஃப், ஆன், ஃபிக்ஸட். ஃபிக்ஸட் என்று வைத்துவிட்டால், பெட்டியையே ஃபேக்டரி ரீசெட் செய்து சாவிகளை இழந்தால் தவிர தணிக்கையை அணைக்க முடியாது. கூடவே 'ஃபோர்ஸ் ஆடிட்' என்று ஒன்று. அதை ஆன் செய்தால், 62 வரியும் நிரம்பியதும் பெட்டி வேலைநிறுத்தம் செய்யும். யாராவது வந்து ஏட்டைப் படித்து, படித்தாயிற்று என்று சொன்னால்தான் அடுத்த கையெழுத்து. லாக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட் ராத்திரி 2 மணிக்கு நின்றால் சர்வீஸும் 2 மணிக்கு நிற்கும் என்பதால், ஆபரேஷன்ஸ் ஆட்களுக்கு இது பிடிக்காது. சான்றிதழ் சாவி மாதிரியான இடத்தில் அந்த எரிச்சல் நியாயமான விலை என்றே நினைக்கிறேன். போன் ஆப்பின் லாகின் டோக்கனுக்கு இவ்வளவு தேவையில்லை.

சட்டம் என்ன கேட்கிறது?

காரைக்குடியில் ஏதாவது ஆடிட்டர் ஆபீஸில் ஆர்டிகிள்ஷிப் செய்யும் நண்பர் இருந்தால், 'எடிட் லாக்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு விடுவார். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு எழுதும் சாப்ட்வேரில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்கவும் முடியக் கூடாது என்பது கம்பெனிகள் கணக்கு விதி. அது ஆண்டு முழுக்க ஓடியதா, யாராவது கைவைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். பல பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளில் ஆடிட்டர்கள் குறித்திருப்பது ஒரே விஷயம்: சாப்ட்வேர் மட்டத்தில் பதிவு இருக்கிறது, அதற்கு அடியில் உள்ள டேட்டாபேஸில் நேரடியாகச் செய்யும் மாற்றத்துக்குப் பதிவு இல்லை. மேஜையில் பேரேடு, மேஜைக்கு அடியில் அழி ரப்பர்.

இன்னொரு பக்கம், செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் போட்ட உத்தரவு கணினி லாக்குகளை 180 நாள் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. வைத்திருக்கும் லாக் திருத்தப்படாதது என்று எப்படி நிரூபிப்பது? அந்த இடைவெளியில்தான் இந்தச் சிப் வந்து உட்காருகிறது.

சான்றிதழ் உலகம் இதற்குள் ஒரு படி மேலே போய்விட்டது. டிஜிநோட்டாருக்குப் பிறகு கூகுள் முன்னெடுத்த முறையில், வழங்கப்படும் சான்றிதழ்கள் யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேட்டில் ஏறுகின்றன. அதுவும் ஹாஷ் மேல் ஹாஷாகக் கட்டிய ஏடுதான். 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு வழங்கிய சான்றிதழ் அந்த ஏடுகளில் பதிவாகியிருந்தால்தான் குரோம் ஏற்கும். உங்கள் கம்பெனியின் இணைய முகவரிக்கு யார் யார், எப்போது சான்றிதழ் வழங்கியிருக்கிறார்கள் என்று நீங்களே பார்க்கலாம். சிஆர்டி டாட் எஸ்எச் என்ற தளத்தில் முகவரியைத் தட்டுங்கள். உங்கள் டீமில் யாரும் வாங்காத ஒன்று பட்டியலில் இருந்தால், அதன் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அதை வழங்கிய நிறுவனத்துக்கும் உங்கள் பாதுகாப்புக் குழுவுக்கும் உடனே எழுதுங்கள்.